கழிவுநீர் குடிக்கும் மலை

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மாயகாமாஸ் மலைகளில் இருக்கிறது 'தி கீசர்ஸ்'. உலகின் மிகப் பெரிய புவிவெப்ப மின்சார வளாகம். 1960-ல் வெறும் 11 மெகாவாட்டில் ஆரம்பித்தது. புவிவெப்பம் உள்ள பல இடங்களில் கொதிநீர்தான் மேலே வரும். இங்கே துளை போட்டால் நீராவியே சீறிக்கொண்டு வரும். நேராக டர்பைனுக்குத் திருப்பிவிடலாம்.

சும்மா இருப்பார்களா? எண்பதுகளில் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கிணறுகளைத் தோண்டின. 1987 வாக்கில் உற்பத்தி உச்சத்துக்குப் போனது. அதன்பின் நீராவியின் அழுத்தம் மளமளவென்று சரிந்தது. பாறை ஆறவில்லை, அதன் சூடு 240 டிகிரி செல்சியஸை ஒட்டி அப்படியே இருந்தது. தீர்ந்துபோனது தண்ணீர். டர்பைனைச் சுழற்றிய நீராவியைக் குளிர்வித்துத் திரும்ப உள்ளே விட்டாலும், பெரும்பங்கு குளிர்விப்புக் கோபுரத்தின் வழியே காற்றோடு போய்விடும். மழைநீர் ஊறி அதை ஈடுகட்ட வழியில்லை. பேராசையின் கணக்கு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

அதே நேரத்தில், சுற்றுவட்டாரத்து ஊர்கள் கழிவுநீரை எங்கே விடுவதென்று தவித்தன. சான்டா ரோசா நகரம் சுத்திகரித்த நீரை ரஷ்யன் ஆற்றுப் பக்கம் விட, அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. இரண்டு சிக்கலுக்கும் ஒரே தீர்வு: அந்த நீரைக் குழாயில் மலைக்கு ஏற்றி, கீசர்ஸின் கிணறுகளில் விடுவது. பக்கத்து லேக் கவுன்டியிலிருந்து முதல் குழாய் 1997-ல் வந்தது. 2003-ல் சான்டா ரோசாவின் குழாய்: 60 கிலோமீட்டருக்கு மேல் நீளம், தினமும் ஏறத்தாழ 4 கோடி லிட்டர். இதனால் 85 மெகாவாட் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மலை உச்சிவரை பம்ப் வைத்து ஏற்றுகிற தண்ணீரைக் கிணற்றுக்குள் தள்ள பம்ப் வேண்டாம். கீழே அழுத்தம் அவ்வளவு குறைந்திருப்பதால் தன் எடையிலேயே இறங்கிவிடும். வெடிப்புகளில் பரவி, கொதித்து, பக்கத்துக் கிணறுகளில் நீராவியாக எழும்.

ஆனால் சூடான பாறையில் குளிர்ந்த நீர் பட்டால் பாறை சுருங்கும், நழுவும், நிலம் அதிரும். பெரும்பாலும் சின்ன அதிர்வுகள்தாம். ஆனாலும் 2016 டிசம்பரில் இங்கே 5.0 அளவில் ஒன்று வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. மின்சாரம் எங்கோ போகிறது, ஆட்டம் அவர்கள் வீட்டில்.

கழிவுநீர் வந்ததால் சரிவு மட்டுப்பட்டது. ஆனால் 1987-ன் உச்சத்தைக் கீசர்ஸ் அதன்பிறகு எட்டவே இல்லை.