பழைய கேபரின் 'பேரிங் ஒழுங்கை': லைன் போறிங் கருவியைத் தெரிவதும் பாவிப்பதும்



பழைய எஞ்சினைத் திரும்பக் கட்டும்போது வருகின்ற மிக நுட்பமான ஒரு வேலையைப் பற்றியது இம்மாதத் தொழில்நுட்ப உரை. அளவுகள் நிறைய வருவதால், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள வசதியாக இங்கே எழுத்திலும் தருகின்றோம்.

ஊரில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் ஓடிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இந்த வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப் போகச் செய்யும். ஒயில் நீர்த்தால் பேரிங் தேயும். அப்படியிருந்தும் அந்த எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டி ஓடவைத்தவர்கள் எங்கள் மெக்கானிக்மார். அந்தக் கைப்பழக்கம் உள்ள ஒருவருக்கு இங்கே ஜேர்மனியில் பழைய வொல்க்ஸ்வாகன் கேபர் ஒன்றைக் கண்டால் கை சும்மா இராது.

ஆனால் மைனரின் எஞ்சினும் கேபரின் எஞ்சினும் ஒன்றல்ல. மைனரில் எஞ்சின் புளொக் வார்ப்பிரும்பு. கிராங் சாப்ட்டைக் கீழேயிருந்து தாங்குவன தனித்தனி மூடிகள். இருப்பிடம் தேய்ந்தால் மூடியின் முகத்தைச் சிறிது அராவி இறக்கி, திரும்பவும் பழைய அளவுக்கே கடைந்து விடலாம். கேபரின் கேஸ் மெல்லிய மக்னீசியக் கலவை. தேங்காய் பிளந்ததுபோல இரண்டு பாதி. கிராங் சாப்ட்டும் காம் சாப்ட்டும் அந்தப் பிளவின் நடுவிலேயே படுத்திருக்கின்றன. முகத்தை அராவினால் எல்லா அளவுகளும் குழம்பிவிடும். ஆகவே ஒரே வழி, இருப்பிடத்தைப் பெரிதாகக் கடைந்து, வெளிவிட்டம் கூடிய பேரிங் போடுவதுதான். வெட்டியது வெட்டியதுதான், திரும்பி வராது.

ஏன் தேய்கின்றது?

மக்னீசியம் சூட்டில் உருக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். 65 மி.மீ. துளை ஒன்று 80 பாகை சூடேறினால் மக்னீசியத்தில் சுமார் 0.135 மி.மீ. பெருக்கும். அதே அளவு உருக்கு 0.062 மி.மீ. மட்டுமே பெருக்கும். எனவே சூட்டில் பேரிங்கைப் பிடிக்கும் இறுக்கம் தளர்கின்றது. பிஸ்ரன் ஒவ்வொரு தடவையும் அடிக்கும் அடியில் பேரிங் தன் இருப்பிடத்தை உளியால் தட்டியதுபோலத் தட்டுகின்றது. பொதுவாக நடு பேரிங்கின் இருப்பிடமே கூடுதலாக அடிவாங்கும். இடைவெளி கூடினால் ஒயில் அந்த வழியால் ஒழுகி, சூடான எஞ்சினில் ஒயில் அழுத்தம் விழும். புதுப் பேரிங் போட்டும் அழுத்தம் ஏறாத எஞ்சின்களில் பலவற்றுக்கு நோய் இங்கேதான்.

ஜேர்மன் தொழிற்பேச்சில் இந்த இருப்பிடங்களின் வரிசைக்கு 'லாகர்காஸ' என்று பெயர். லாகர் என்றால் எங்களில் பலருக்கு முதலில் வந்து இறங்கிய அகதி முகாம்தான் நினைவு வரும். இங்கே லாகர் என்பது பேரிங். காஸ என்பது ஒழுங்கை. பேரிங் ஒழுங்கை! நல்ல பெயர். நான்கு பேரிங்குகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒழுங்கை வளைந்தால் கிராங் சாப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து சுழலும்.

முதலில் அளவு, பிறகு கருவி

கேஸ் இலகுவில் கிடைக்கும் பொருளல்ல. மொத்தம் 21,529,464 கேபர்கள் கட்டப்பட்டன. ஆனால் ஜேர்மனியில் கடைசிச் சாதாரணக் கேபர் எம்டன் தொழிற்சாலையில் இறங்கியது 1978 ஜனவரி 19இல். மெக்சிக்கோவின் புவெப்லாவிலும் 2003 ஜூலை 30உடன் முடிந்துவிட்டது. எஞ்சின் இலக்கம் கேஸிலேயே குத்தப்பட்டிருக்கும். கேஸ் போனால் அந்த இலக்கமும் போய்விடும். 30 வருடம் கடந்து, மூலநிலையில் பேணப்பட்ட வண்டிகளுக்குக் கொடுக்கும் எச் இலக்கத்தகடு 1997 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்காக வண்டியைப் பேணுகின்றவர்களுக்கு வண்டியோடு வந்த கேஸ் பெரிய பெறுமதி.

கேஸைக் கழுவி, முதலில் வெடிப்புப் பாருங்கள். 3ஆம் சிலிண்டருக்குப் பின்னால், பிளைவீல் பக்கமாக வெடிப்பது இந்தக் கேஸ்களுக்குப் பழகிய நோய். வெடித்த கேஸில் லைன் போறிங்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

பிறகு இரண்டு பாதிகளின் முகத்தையும் துப்புரவாக்கி, பசை பூசாமல் பூட்டுங்கள். 12 மி.மீ. நட்டுகள் ஆறையும் சுமார் 34 நியூற்றன் மீற்றருக்கும், 8 மி.மீ. நட்டுகளை 20 நியூற்றன் மீற்றருக்கும் முறுக்குங்கள். முறுக்காத கேஸில் எடுக்கும் அளவு அளவல்ல. துளை அளக்கும் டயல் கேஜை மைக்ரோமீற்றரில் 65.00க்குச் சரிப்படுத்தி, ஒவ்வோர் இருப்பிடத்தையும் குறைந்தது மூன்று திசைகளில், இரு விளிம்புகளிலும் அளவுங்கள். பிளவுக் கோட்டின் மேல் மட்டும் அளக்க வேண்டாம். வீட்டில் பிள்ளை யாராவது அவுஸ்பில்டுங்கில் மைக்ரோமீற்றர் பிடிக்கப் பழகியிருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். கண்மட்டம் இங்கே உதவாது.

குறித்து வைக்க வேண்டிய அளவுகள் இவை:

- 1, 2, 3ஆம் பேரிங் இருப்பிடம்: 65.00 முதல் 65.02 மி.மீ. தேய்வு எல்லை 65.03.
- 4ஆம் பேரிங் இருப்பிடம்: 50.00 முதல் 50.03 மி.மீ. தேய்வு எல்லை 50.04.
- கிராங் சாப்ட்டின் முன்பின் ஆட்டம்: 0.07 முதல் 0.13 மி.மீ. எல்லை 0.15.

எல்லா இருப்பிடங்களும் 65.02க்குள், வட்டமாக இருந்தால் வெட்டவே வேண்டாம். புதிய பேரிங் போதும். 65.5 மி.மீ. அளவு வந்தால், முன்னர் ஒரு தடவை வெட்டப்பட்ட கேஸ் என்று விளங்கிக் கொள்ளுங்கள். இது அபூர்வமல்ல. பழைய எஞ்சினைக் கொடுத்து, திரும்பக் கட்டியதை வாங்கும் 'அவுஸ்ரவுஷ்' முறையை வொல்க்ஸ்வாகன் 1947இலேயே தொடங்கி, 1958இல் கசல் நகருக்கு அருகேயுள்ள பவுனாதால் தொழிற்சாலைக்கு அந்த வேலையை மாற்றியது. பல கேஸ்கள் அப்படி ஒரு சுற்று வந்தவை. வழமையாகக் கிடைக்கும் கூடிய அளவுகள் 0.5, 1.0 மி.மீ. ஆகும். அதாவது ஒரு கேஸுக்கு இரண்டு ஆயுள்தான். தேவையில்லாமல் வெட்டினால் ஓர் ஆயுள் வீண்.

எந்தக் கருவி?

மூன்று வகை உண்டு.

முதலாவது கைக்கருவி. நீண்ட உருக்குத் தண்டில் சிறிய வெட்டுப்பல் பூட்டியிருக்கும். தண்டை இரு முனையிலும் வழிகாட்டி வளையங்கள் தாங்கும். மெதுவாகச் சுற்றும் டிறில் மெசினால் சுழற்றுவார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது பிராண்டோ மினுக்கமோ அல்ல. வழிகாட்டி வளையம் எங்கே உட்காருகின்றது என்பதே கேள்வி. பிளைவீல் பக்கத்து ஒயில் சீல் குழி போன்ற தேயாத இடத்தில் உட்கார்ந்தால் நல்லது. அடிபட்ட இருப்பிடத்திலேயே உட்கார்ந்தால், பழைய கோணலைப் புது அளவில் வெட்டித் தரும். கருவி தானாக நேராக வெட்டாது, அதைப் பிடிப்பது நேராக இருந்தால்தான் வெட்டும். வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே கையால் ஆட்டம் தெரிந்தால் அந்தக் கருவியை வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது பெரிய போறிங் மெசின். கேஸை மேசையில் பூட்டி, தொழிற்சாலை கடைந்த முகங்களிலிருந்து அளந்து நேர்ப்படுத்துவார்கள். காம் சாப்ட்டுக்கும் கிராங் சாப்ட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை இதில்தான் நம்பிக்கையாகக் காப்பாற்றலாம். அந்தத் தூரம் மாறினால் இரு பல்சக்கரங்களும் இறுகும், அல்லது சத்தமிடும். அவற்றுக்கிடையே அனுமதித்த ஆட்டம் 0.05 மி.மீ. வரைதான். காம் சக்கரங்களை நூறில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தில் தனித்தனி இலக்கமிட்டே வொல்க்ஸ்வாகன் கொடுத்தது.

மூன்றாவது ஹோனிங், அதாவது தேய்க்கும் கல். இது வார்ப்பிரும்புக்கு நல்லது. மக்னீசியம் மென்மையானதால் கல் அடைபடும். கல் பழைய துளையின் வழியே போவதும் ஒரு குறை.

எங்கள் கருத்து இது: ஓர் எஞ்சினுக்காகக் கருவி வாங்க வேண்டாம். மோட்டோர் இன்ஸ்ராண்ட்செற்சுங் செய்யும் வேர்க்ஸ்ரற்றில் 'லாகர்காஸ ஸ்பிண்டல்ன்' என்று கேளுங்கள். மக்னீசியக் கேஸ் முன்பு செய்திருக்கிறார்களா, எங்கிருந்து நேர்ப்படுத்துவார்கள், வெட்டிய பின் அளவுத்தாள் தருவார்களா என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நாலைந்து எஞ்சின் கட்டப்போகும் நண்பர்கள் சேர்ந்து ஒரு நல்ல கைக்கருவி வாங்குவதில் நியாயமுண்டு.

வெட்டும்போது

முதலில் பேரிங்கை வாங்கி அளந்த பின்புதான் வெட்ட வேண்டும். பெட்டியில் இரண்டு அளவுகள் இருக்கும். 'கெஹொய்ச' என்பது கேஸின் பக்கம், 'வெல்ல' என்பது கிராங் சாப்ட்டின் பக்கம். கேஸ் வெட்டியதற்கும், கிராங் கடைந்ததற்கும் வேறு வேறு அளவு. இதில் மாறினால் பேரிங் பூட்டவே முடியாது.

இருப்பிடத்திலுள்ள சிறு பின்களைக் கழற்றுங்கள். கேஸைச் சொன்ன முறுக்கில் பூட்டுங்கள். முதலாவது கூடிய அளவுக்குக் குறி 65.50 முதல் 65.52 வரை. ஒரே வெட்டில் போகாமல், படிப்படியாக வெட்டி, கடைசி வெட்டை மெல்லியதாக வையுங்கள். வெட்டிய சூட்டோடு அளக்க வேண்டாம். கேஸ் 10 பாகை சூடாக இருந்தாலே துளை 0.017 மி.மீ. பெரிதாகக் காட்டும். உங்களுக்குள்ள முழு இடமே 0.02 மி.மீ.தான். கேஸும் கேஜும் ஒரே அறையில் ஓர் இரவு இருந்தபின், 20 பாகையளவில் அளவுங்கள். குளிர்காலக் கராஜில் இதை மறக்கவே கூடாது.

1ஆம் பேரிங்கின் பக்கமுகமும் முன்பின் அடியால் தேயும். அதையும் கடைந்தால் விளிம்பு அகலமான பேரிங் தேவைப்படும். பின்களைத் திரும்பப் போட்ட பின், பேரிங் தன் இடத்தில் முழுதாக இறங்குகின்றதா என்று பார்த்த பிறகே கேஸை மூடுங்கள். பூட்டிய கிராங் சாப்ட் கையால் இலகுவாகச் சுற்ற வேண்டும்.

நெருப்பைப் பற்றி ஒரு சொல்

மக்னீசியத்தின் மெல்லிய துருவல் தீப்பிடிக்கும். கூரான வெட்டுப்பல்லே பாவியுங்கள். மழுங்கிய பல் உரசிச் சூடாக்கும். துருவலைக் குவியவிடாமல் அடிக்கடி அகற்றி, மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் போடுங்கள். பக்கத்தில் கிரைண்டர் ஓடக்கூடாது, சிகரெட்டும் கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் மக்னீசியத்தில் தண்ணீர் பட்டால் ஐதரசன் வாயு பிறந்து தீ வெடிக்கும். உலோகத் தீக்கான 'டி' வகை அணைப்பானையோ, நன்றாக உலர்ந்த மணலையோ கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பிள்ளைகள் விளையாடும் கெலரில் இந்த வேலை வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால்: வெடிப்பைப் பாருங்கள், பூட்டி அளவுங்கள், பேரிங்கை முதலில் வாங்குங்கள், கருவியைத் தாங்கும் இடத்தைப் பார்த்துக் கருவியைத் தெரியுங்கள். அளந்து பார்த்து "வெட்டத் தேவையில்லை" என்று கேஸை அப்படியே வைப்பவரும் நல்ல மெக்கானிக்தான். அவர் அடுத்த தலைமுறைக்கு ஓர் ஆயுளை மிச்சம் வைக்கிறார்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.