தூத்துக்குடிக் கடலில் ஏகபோகம்

ஒரு சேவையைச் சந்தை முழுமைக்கும் ஒருவரே விற்பதும், அதற்கு ஈடான மாற்று இல்லாதிருப்பதும், புதியவர் எளிதில் உட்புக இயலாதிருப்பதும் ஏகபோகத்தின் லட்சணங்கள் என்று பொருளாதார சாஸ்திரம் கூறும். மதுரைச் சீமையிலிருந்து தூத்துக்குடி சென்று கொழும்புக்குக் கப்பலேறிய நம் முன்னோர் சாஸ்திரம் படியாமலே இதனை அறிந்திருந்தனர்; அக்கடல் மார்க்கத்தில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் ஆதிக்கமே நிலவிற்று, நீந்திச் செல்வதோ சாத்தியமன்று.

1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தபோது, மதுரையில் 1901-இல் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராக நின்று பொருளுதவியும் புரிந்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 10 லட்சம் ரூபாய் மூலதனம் திரட்ட வேண்டியிருந்ததே முதற்றடை. வாடகைக்கு அமர்த்திய கப்பல்களும் எதிரியின் நிர்ப்பந்தத்தால் கைநழுவவே, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்க நேர்ந்தது.

ஏகபோகி விலையை நிர்ணயிக்கலாம். ஆயினும் அவ்விலையில் எத்தனை பேர் வாங்குவர் என்பதை நிர்ணயிக்க அவனாலும் ஆகாது. போட்டி தோன்றிய மாத்திரத்தில் அவன் நஷ்டத்தையும் சகித்து விலையைக் குறைப்பான். அங்ஙனமே கட்டணம் படிப்படியாகச் சரிந்து, இறுதியில் இலவசப் பிரயாணத்தோடு குடையும் அளித்தார்களாம்! பாடநூல்கள் கடைசியில் வைக்கும் அரசாங்க ஆதரவே எல்லாத் தடைகளிலும் வலியது என்பது என் அபிப்பிராயம். 1908-இல் சிதம்பரனார் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.