ஒரு மிடறு தேத்தண்ணியும் பன்னிரண்டு சோடி நரம்புகளும்

தம்பி, தங்கைகளே, வீட்டில் சீனி போடாத பிளேன்டீ ஒரு கோப்பை கேட்டு வாங்குங்கள். சூடு ஆறட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு விழுங்குங்கள். கசப்பு தெரியும், துவர்ப்பு தெரியும். தேயிலை வாசம் மட்டும் தெரியாது. இப்போது மூக்கை விடுங்கள். வாசம் வந்துவிடும்!

வாயில் இருக்கும் தேத்தண்ணியின் வாசம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கின் கூரையைத் தொட வேண்டும். அங்குள்ள எலும்பில் மிகச் சிறிய துளைகள் பல உண்டு. அவற்றின் வழியே மெல்லிய நரம்பு இழைகள் மூளைக்குப் போகின்றன. 12 சோடி மண்டையோட்டு நரம்புகளில் முதலாவது இதுதான். தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்பவர்கள் ‘சர்’ரென்று சத்தமாக உறிஞ்சுவதும் வாசத்தை அங்கே ஏற்றத்தான்.

நாக்கின் முன்பகுதிச் சுவையை 7ஆம் சோடி எடுத்துச் செல்கிறது; பின்பகுதிச் சுவையை 9ஆம் சோடி. துவர்ப்பை நாம் அறுசுவையில் ஒன்றாக எண்ணுகிறோம். ஆனால் நாக்கு வறண்டு இழுபடும் அந்த உணர்வில் தொடு உணர்ச்சிக்கே பெரும்பங்கு. முகத்திலும் வாயிலும் தொடுகை, சூடு, குளிர்ச்சி, வலி எல்லாவற்றையும் அறிவிக்கும் 5ஆம் சோடிதான் அதையும் சொல்கிறது.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும்போது நம் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வரும். மெதைல் சலிசிலேற்று என்ற பொருள் அதற்கு ஒரு முக்கிய காரணம். வலிக்குப் பூசும் தைலங்கள் பலவற்றிலும் அது உண்டு. முகர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாக்கை அசைப்பது 12ஆம் சோடி. விழுங்க 9உம் 10உம் உதவும். 10ஆம் சோடி அதோடு நிற்பதில்லை. இதயம், நுரையீரல், இரைப்பை வரை இறங்குகிறது. 2ஆம் சோடி பார்வைக்கு. 3, 4, 6 கண்ணை அசைக்க. 8ஆம் சோடி கேட்பதற்கும் உடல் சமநிலைக்கும். பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ் வளைவுகளில் திரும்புவதை மூளைக்கு அறிவிப்பது அதுதான்.

மீதி 11. கழுத்துப் பக்க முண்ணாணில் தொடங்கி, மண்டையோட்டுக்குள் ஏறி, மறுபடி வெளியே வரும் விசித்திரமான நரம்பு இது. தலையைத் திருப்பும், தோளைத் தூக்கும் பெரிய தசைகளை இயக்குகிறது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்தின் பாரத்தோடு மலையேறும் நம் அம்மாமாருக்கு ஒவ்வொரு நாளும் உழைப்பது இந்தச் சோடி. பரீட்சைக்கு 12 பெயரையும் பாடமாக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.