பந்தும் வாக்கும்: ஜெர்மனியின் பூண்டஸ்லீகா

கால்பந்தாட்டத்தைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவானேன் என்று நேயர்கள் வியக்கக்கூடும். எந்த அமைப்பைக் கண்டாலும் அதன் பணத்தைக் கையாள்பவர் யார், அவரைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்று வினவுவது தணிக்கைத் தொழிலில் நமக்குப் படிந்துவிட்ட வழக்கம். அவ்வினாவுடன் ஜெர்மனியின் முதல்தரக் கால்பந்து லீக்காகிய பூண்டஸ்லீகாவை நோக்குவோமாயின், நாம் அறிந்து பயன்பெறத்தக்க செய்திகள் பல உள.

மேற்கு ஜெர்மனியில் 1963-ஆம் ஆண்டு வரையில் ஐந்து பிராந்தியங்களில் தனித்தனியே லீக் ஆட்டங்கள் நடைபெற்று வந்தன. 1962 ஜூலை 28 அன்று டார்ட்மண்ட் நகரில் கூடிய கால்பந்துச் சம்மேளனத்தின் மகாசபை, நாடு முழுவதற்கும் ஒரே லீக் அமைப்பதெனத் தீர்மானித்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று 16 சங்கங்களுடன் ஆட்டம் தொடங்கிற்று. கொலோன் நகரச் சங்கம் முதலாவது சாம்பியன் பட்டம் பெற்றது. இப்பொழுது ஆடும் சங்கங்கள் 18. ஒவ்வொன்றும் ஏனைய பதினேழுடன் சொந்த ஊரில் ஒரு முறையும் வெளியூரில் ஒரு முறையும் ஆடும்; ஆக, ஆண்டொன்றுக்கு 306 ஆட்டங்கள். கடைசி இரு சங்கங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும்.

லீக்கில் இடம்பெற ஆட்டத்திறமை மாத்திரம் போதாது. கணக்கும் சீராக இருத்தல் வேண்டும். ஆட்டக்காரருக்கு விதித்த வரம்பை மீறிப் பணம் கொடுத்தமைக்காகப் பெர்லின் நகரின் ஹெர்த்தா சங்கம் 1965-இல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அந்நகருக்கு ஓரிடம் இருக்கட்டுமென்று டாஸ்மேனியா என்னும் சிறு சங்கம் அவசரமாக ஏற்றப்பட்டது. அது 34 ஆட்டங்களில் இரண்டே வென்று, 108 கோல்களை வாங்கிக்கொண்டு இறங்கிற்று. இன்றும் ஒவ்வொரு பருவத்துக்கும் வரவு செலவுக் கணக்கைக் காட்டி உரிமம் பெறாத சங்கம் ஆட இயலாது.

இச்சங்கங்கள் அங்கத்தினர்களால் ஆனவை. 1998-இல், ஆட்டப் பிரிவைக் கம்பெனியாக மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது; ஆனால் வாக்குகளில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் தாய்ச் சங்கத்தின் கையில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உடன் விதிக்கப்பட்டது. பணக்காரர் பங்கு வாங்கலாம். ஆட்சியை வாங்கலாகாது என்பதே இதன் கருத்து.

இவ்விதியால் எல்லாம் நலமாகிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். 2013 முதல் 2023 வரையில் பதினோரு ஆண்டுகள் பயேர்ன் மியூனிக் சங்கமே தொடர்ந்து சாம்பியனாயிற்று. அத்தொடரை 2024-இல் முறித்த லெவர்கூசன், ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அதுவோ, பேயர் என்னும் மருந்துக் கம்பெனிக்கு உரியதாய், விதிவிலக்குப் பெற்று ஆடுவது! வாக்குரிமை சமமாயினும் செல்வம் சமமாவதில்லை.

எனினும் அவ்வுரிமையை ஜெர்மானியர் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. 2023 டிசம்பரில், வருங்கால ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு அளித்து 100 கோடி யூரோ வரை பெறும் திட்டம் வாக்குக்கு வந்தது. இரு பிரிவுகளின் 36 சங்கங்களில் 24 ஆதரித்தன. நிறைவேறத் தேவைப்பட்டதும் 24 தான். ஹனோவர் நகரின் தாய்ச் சங்கம் தன் பிரதிநிதியை எதிர்த்து வாக்களிக்கப் பணித்திருந்தது. வாக்கெடுப்பு இரகசியமானபடியால் அவர் எவ்வாறு வாக்களித்தார் என்ற ஐயம் எழுந்தது. ரசிகர்கள் மைதானங்களில் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களைத் தடைப்படுத்தினர். 2024 பிப்ரவரி 21 அன்று திட்டம் கைவிடப்பட்டது.

நம்மை மிகவும் மகிழ்விப்பது ஹாம்பர்க் துறைமுகப் பகுதியைச் சேர்ந்த சாங்க்ட் பௌலி சங்கத்தின் செய்தி. 2003-இல் கடன் சுமையால் உரிமத்தை இழக்கும் நிலையில் இருந்தது அச்சங்கம். ‘மீட்போர்’ என்று பொறித்த சட்டைகளை ஆயிரக்கணக்கானோர் விலை கொடுத்து வாங்கி அதைக் காத்தனர். 2024-இல் அது முதற்பிரிவுக்கு உயர்ந்தபொழுது, பெருமுதலாளியைத் தேடிச் செல்லாமல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது. 21,000-க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்து 2 கோடியே 90 இலட்சம் யூரோவுக்கு மேல் திரட்டினர். விளையாட்டரங்கின் பெரும்பங்கைக் கூட்டுறவுக்கு உரியதாக்குவதே நோக்கம். ஒருவர் எத்தனை பங்கு எடுத்தாலும் வாக்கு ஒன்றுதான்.

பொதுக் கூட்டத்துக்குப் போதிய அங்கத்தினர் வாராமையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்ற வரியை எத்தனையோ தீர்மானப் புத்தகங்களில் நாம் படித்து ஒப்பமிட்டிருக்கிறோம். ஒரு விளையாட்டுக்காக அம்மக்கள் தம் வாக்கை இவ்வளவு போற்றுவராயின், நூலுக்கும் விதைக்கும் நம்பியிருக்கும் நம் சங்கத்தில் நமக்குள்ள வாக்கை எவ்வளவு போற்றுதல் வேண்டும்! அடுத்த கூட்ட அறிவிப்பு வரும்போது நேயர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.