அறை எண் 33: எலும்பு யாருடையது, தரவு யாருடையது?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாக்கோ பள்ளத்தாக்கில், புவெப்லோ போனிட்டோ என்ற பெரிய கல் கட்டடம் இடிந்து கிடக்கிறது. நூற்றுக்கணக்கான அறைகள். அவற்றில் 33-ஆம் எண்ணிட்ட சின்ன அறையை 1896-இல் தோண்டியபோது 14 பேரின் எலும்புகளும் ஆயிரக்கணக்கான நீலப்பச்சைக் கல் மணிகளும் கிடைத்தன. அந்த எலும்புகள் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அவர்களில் ஒன்பது பேரின் டிஎன்ஏ பற்றிய ஆய்வு 2017-இல் வெளியானது. தாய்வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ ஒன்பது பேருக்கும் ஒன்றுபோல் இருந்தது. சுமார் 330 ஆண்டுகள் தாய்வழியாகத் தொடர்ந்த செல்வாக்கான குடும்பம் இது என்றார்கள் ஆய்வாளர்கள். அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் சாக்கோவை முன்னோர் மண்ணாகக் கருதும் புவெப்லோ மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தப் பூர்வகுடியோடும் தொடர்புபடுத்த முடியாதவை என்று அருங்காட்சியகம் அந்த எலும்புகளை வகைப்படுத்தியிருந்ததால் சட்டப்படி கேட்க வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை.

அப்படியானால் தரவைப் பூட்டிவிடலாமா? அதுவும் சரிப்படாது. ஒரு மண்ணடுக்கை வெட்டிவிட்டால் திரும்ப வெட்ட முடியாது. மிஞ்சுவது குறிப்பேடும் வரைபடமும் அளவுகளும்தான். பழைய டிஎன்ஏவும் அப்படியே. பல்லையோ காதருகே உள்ள கெட்டியான எலும்பையோ துளைத்துப் பொடியாக்கித்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஒரு குழு தரவை மறைத்தால், இன்னொரு குழு அதே எலும்பில் மறுபடி துளை போடும். 31 நாடுகளைச் சேர்ந்த 64 அறிஞர்கள் 2021-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இரண்டையும் சேர்த்தே கேட்கின்றன: முடிவைப் பிறர் சரிபார்க்கத் தரவு கிடைக்க வேண்டும், அதில் உரிமையும் அக்கறையும் உள்ள மக்களோடு கலந்து பேசவும் வேண்டும்.

தரவு பொதுவில் இருந்ததால் பூர்வகுடிகளுக்கே நியாயம் கிடைத்ததும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் 1996-இல் கிடைத்த ‘கென்னவிக் மனிதர்’ சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். எங்கள் மூதாதை, புதைக்கத் தாருங்கள் என்றனர் பூர்வகுடிகள். எட்டு விஞ்ஞானிகள் வழக்குப் போட்டு, 2004-இல் ஆய்வு செய்யும் உரிமையை வென்றார்கள். 2015-இல் வந்த மரபணு முடிவோ பூர்வகுடிகள் சொன்னதையே உறுதிசெய்தது. வெளியான தரவைக் கொண்டு சிகாகோ பல்கலைக்கழக வல்லுநர்கள் அதைத் தனியாகச் சரிபார்த்தார்கள். 2017 பிப்ரவரியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

சில தகவல்களை மறைப்பதே ஒழுங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். தொல்லியல் இடங்களின் துல்லியமான அமைவிடம் வெளியே தெரிந்தால் முதலில் வந்து சேர்பவர்கள் புதையல் திருடர்கள். அமெரிக்காவின் 1979-ஆம் ஆண்டுத் தொல்லியல் பாதுகாப்புச் சட்டமே அந்தத் தகவலைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதைக் கட்டுப்படுத்துகிறது.

2016-இல் வகுக்கப்பட்ட அறிவியல் தரவு நெறிகள், தரவு எளிதில் தேடிக் கண்டுபிடிக்கக்கூடியதாகவும் மறுபடி பயன்படுத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்றன. மூன்று ஆண்டு கழித்துப் பூர்வகுடிகளின் கூட்டமைப்பு ஒன்று அதில் விடுபட்டதைச் சேர்த்தது: அந்தத் தரவை ஆளும் உரிமை யாருக்கு?

நியூ மெக்சிகோவின் பிக்குரிஸ் புவெப்லோ மக்கள் இதற்குச் செயலில் பதில் சொன்னார்கள். சாக்கோவோடு தங்களுக்கு உறவு உண்டு என்ற வாய்மொழி வரலாற்றைச் சோதிக்க மரபணு ஆய்வாளர்களை அவர்களே அணுகினார்கள். எந்த நிலையிலும் ஆய்வை நிறுத்தும் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். 16 முன்னோர், இன்று வாழும் 13 பேர் ஆகியோரின் மரபணுக்களை ஆராய்ந்த கட்டுரை 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. உறவு உண்மைதான் என்றது அது. ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்பட்டது, அவர்களைக் கேட்காமல் முன்பு வெளியிடப்பட்டிருந்த புவெப்லோ போனிட்டோவின் மரபணுத் தரவு.