புத்தகத்தில் 2 வயதுக் கவுன். வீட்டில் 4 வயதுக் குழந்தை!

பின்னல் புத்தகத்தில் அழகான கம்பளிக் கவுன் ஒன்று இருக்கிறது. அதைப் பின்னும் முறையும் வரி வரியாக அச்சாகி இருக்கிறது. ஆனால், அது 2 வயதுக் குழந்தையின் அளவு. வீட்டில் இருக்கும் பெண் குழந்தைக்கோ 4 வயது!

"கொஞ்சம் பெரிதாகப் பின்னினால் போயிற்று" என்று பலர் தொடங்கிவிடுகிறார்கள். முடிவில் என்ன ஆகிறது? கழுத்து அகன்று தோளில் வழிகிறது. கவுனோ முழங்காலுக்கு வெகு மேலே நின்றுவிடுகிறது. பல வார உழைப்பும், நூல் வாங்கிய பணமும் பெட்டிக்குள் முடங்கிவிடுகின்றன.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம். அதற்கு வேண்டியவை ஓர் அளவு நாடா, ஒரு பென்சில், பள்ளிக்கூடத்தில் படித்த பெருக்கல் கணக்கு. அவ்வளவுதான்!

போர்க் காலத்துத் தாய்மார்கள்

2-வது உலகப் போரின்போது இங்கிலாந்து நாட்டுத் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு பெரிதும் கைகொடுத்தது. 1941 ஜூன் 1-ந் தேதி அங்கே துணிமணிக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டில் பெரியவர் ஒருவருக்கு 66 கூப்பன்கள். பின்னல் நூல் வாங்கவும் கூப்பன் கொடுக்க வேண்டும்.

குழந்தைகள் ரேஷனைப் பார்த்தா வளர்கிறார்கள்? ஆகவே, தாய்மார்கள் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்தார்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றி, கழுவி, சுருள் நிமிர உலர்த்தினார்கள். அதே நூலில் குழந்தைகளுக்கு உடை பின்னினார்கள். 1943-ல் அரசாங்கமே "மேக் டூ அண்ட் மெண்ட்" என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டு, பழைய துணியைப் புதுப்பிக்கும் வழிகளைச் சொல்லிக்கொடுத்தது. ரேஷன் 1949 மார்ச் மாதத்தில்தான் நீங்கியது.

பிரித்த நூலின் பருமன் வேறு. குழந்தையின் அளவு வேறு. அப்படியிருக்கப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற முடியுமா? குறிப்பை மாற்றத்தான் வேண்டும். எப்படி மாற்றுவது?

முதலில் மாதிரித் துண்டு

ஊசியில் ஏறும் ஒவ்வொரு சுருக்கும் ஒரு கண்ணி. ஒருவர் இறுக்கிப் பின்னுவார். இன்னொருவர் தளரப் பின்னுவார். ஆகவே, ஒரே நூலிலும் ஒரே ஊசியிலும்கூட அளவு மாறும்.

இதை அறிய, 15 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துண்டு பின்னுங்கள். அதைக் கழுவி உலர்த்துங்கள். பிறகு, நடுவில் 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். குறிப்பில் சொன்னதைவிட அதிகமாக இருந்தால் பருத்த ஊசிக்கு மாறுங்கள். குறைவாக இருந்தால் மெல்லிய ஊசி எடுங்கள்.

ஊசி எண்ணில் ஏமாறக் கூடாது. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அதில் 8-ம் எண் ஊசி 4 மில்லிமீட்டர். அமெரிக்க 8-ம் எண் ஊசியோ 5 மில்லிமீட்டர்!

மார்புக் கணக்கு

குழந்தையின் மார்புச் சுற்று 58 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கால் வீசி விளையாட 6 செ.மீ. தளர்ச்சி வேண்டும். மொத்தம் 64.

மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி இருந்தால், 1 செ.மீ.க்கு 2.2 கண்ணி. 64-ஐ 2.2-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 141 வரும். முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதி. அதாவது, பக்கத்துக்கு சுமார் 70.

கவுனில் 6 கண்ணிக்கு ஒரு பூ வருகிறதா? 70-ல் பூ முழுதாக அமையாது. 72-ல் சரியாக 12 பூக்கள் அமையும். ஆகவே, பக்கத்துக்கு 72. மொத்தம் 144. இரு பக்கங்களையும் சேர்த்துத் தைக்க, ஓரங்களில் ஒவ்வொரு கண்ணி கூட்டிக்கொள்ளுங்கள்.

இறுக்கிப் பின்னுகிறவர் கையில் 22-க்குப் பதில் 24 வந்தால்? 65 செ.மீ. வரவேண்டிய கவுன் 60-ல் நின்றுவிடும். 2 கண்ணி வித்தியாசம் 5 செ.மீ.யைத் தின்றுவிடும்!

கையும் கழுத்தும்

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) பின்னல் கலையில் புகழ் பெற்றவர். 1971-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவர் ஸ்வெட்டருக்கு ஓர் எளிய வழி சொன்னார். உடல் சுற்றின் கண்ணிகளை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், மணிக்கட்டுக்கு 20, மேல் கைக்கு 33, கழுத்துக்கு 40 பங்கு. 144 கண்ணிக் கவுனுக்கு இது சுமாராக 28, 48, 58 கண்ணிகள் ஆகும்.

ஆனால், 58 கண்ணி 26 செ.மீ. சுற்றுதான். 4 வயதுக் குழந்தையின் தலைச் சுற்றோ சுமார் 50 செ.மீ.! ஆகவே, முதுகுப்புறம் திறப்பு வைத்துப் பொத்தான் தையுங்கள். கழுத்தில் கயிறு கோப்பது ஆபத்து. விளையாடும்போது எங்காவது மாட்டி இறுக்கிவிடும்.

நீளம்தான் முக்கியம்

பொதுவாக, 2 வயது முதல் 6 வயதுக்குள் பெண் குழந்தையின் மார்புச் சுற்று சுமார் 10 செ.மீ. கூடுகிறது. உயரமோ ஏறக்குறைய 30 செ.மீ. கூடுகிறது! கவுன் இறுகுமுன் குட்டையாகிவிடுவது இதனால்தான்.

இதற்கும் வழி உண்டு. மேல்பாகம் முடிந்ததும், அதன் கீழ் ஓரத்தில் கண்ணிகளை எடுத்து, பாவாடைப் பாகத்தை இடுப்பிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுங்கள். 10 செ.மீ.க்கு 30 வரிசை என்றால், 30 செ.மீ. நீளத்துக்கு 90 வரிசை. அடுத்த ஆண்டு கீழ் ஓரத்தை மட்டும் பிரித்து, 15 வரிசை கூட்டினால் 5 செ.மீ. நீளும்.

துணிக் கவுனைப்போல் கொசுவம் அதிகம் வைக்க வேண்டாம். கம்பளி கனத்தால் இழுத்துத் தொங்கும். 144 கண்ணியைக் கீழே வருவதற்குள் சிறிது சிறிதாக 216 ஆக்கினால் அழகாக விரியும்.

நூலை ஒரே சாய எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். பிறகு வாங்கினால் நிறம் சற்று மாறக்கூடும். மேலும் ஓர் உருண்டை வாங்கி எடுத்துவையுங்கள். போட்ட கணக்கையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு குழந்தை வளர்ந்து நிற்கும்போது இரண்டும் உதவும்!