கத்திரி வெயிலுக்கு முன் கத்திரி

நம் ஊர்ப் புதர்களில் ஓடும் காட்டுமுயலும், செல்லப்பிராணிக் கடைக் கூண்டில் பஞ்சுப்பொதி போல உட்கார்ந்திருக்கும் முயலும் வேறு வேறு இனம். காட்டுமுயலுக்கு முடி குட்டை, காது நீளம்; பகலெல்லாம் நிழலில் படுத்துக்கிடக்கும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் அதைப் பிடித்து வளர்க்க முடியாது. கடையில் விற்பது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் குழிமுயலின் வம்சம். அதிலும் அங்கோரா என்கிற சடை முயல், கம்பளிக்காகவே தலைமுறை தலைமுறையாக முடி நீளவிட்டு உருவாக்கிய வகை. மத்திய அரசின் செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம் அங்கோராவை வைத்து ஆய்வு செய்வது இமாச்சலப் பிரதேசத்தின் குலு பக்கம், கார்சாவில். குளிர் அங்கே இயல்பு. அப்படிப்பட்ட பிராணியைக் கடலூரிலோ சிதம்பரத்திலோ வளர்க்க நினைப்பவர் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அதன் நீள முடி இங்கே அழகல்ல, சுமை. முடியைக் குட்டையாக வைத்தால் நோயிலும் சேட்டையிலும் பாதி தானாகக் குறையும்.

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் வழிகள் காதும் மூச்சும்தான். 15 முதல் 25 டிகிரி வரை சுகமாக இருக்கும். 30ஐத் தாண்டினால் திணறும். கடலூரில் மே மாதம் 37 டிகிரி சர்வசாதாரணம், 40ஐத் தொடும் நாளும் உண்டு. போதாததற்குக் கடற்கரைப் புழுக்கம். முடி வெயிலையும் தடுக்குமே, எதற்கு வெட்ட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நேர்வெயிலில் நிற்கிற பிராணிக்கு அது ஓரளவு பொருந்தும். வீட்டு நிழலில் இருக்கும் முயலுக்கு வெளிச்சூட்டைவிட உள்ளே அடைபடும் சூடுதான் எமன். ஏசி இருக்கிறதே என்பார்கள் வேறு சிலர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பிறகு இந்த மாவட்டத்தில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரண்டை நம்பிக் கம்பளி போர்த்திய உயிரை வளர்ப்பது சரியான கணக்கல்ல.

பூனைபோல இதுவும் தன்னையே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளுமே என்பது அடுத்த வாதம். நக்கும், உண்மைதான். ஆனால் விழுங்கிய முடியைப் பூனை வாந்தியெடுத்துவிடும். முயலால் வாந்தியெடுக்கவே முடியாது. உள்ளே போன முடி குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதைத் தள்ளிக்கொண்டு போவது நார்த்தீனி. காலையில் கூண்டுத் தட்டைப் பாருங்கள். புழுக்கைகள் முடியில் கோத்த மணிமாலை போலக் கிடந்தால் முடி அதிகமாக உள்ளே போகிறது, புல் போதவில்லை என்று பொருள். புழுக்கை சிறுத்துக்கொண்டே போனால் ஆபத்து நெருங்குகிறது. அரை நாள் தின்னாமல் கிடந்தால் அது அவசரம். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

தீனிக்கு அலைய வேண்டியதில்லை. பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகம்புல்லே முயலுக்கும் நல்லது. வேலிமசாலும் கோ-4 புல்லும் கால்நடை வளர்ப்போரிடம் கிடைக்கும். களைக்கொல்லி அடித்த வரப்புப் புல் மட்டும் வேண்டாம். வைக்கோலில் சத்து குறைவு. சவுண்டல் இலையை ஆடு தின்கிறதே என்று முயலுக்கும் அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள மிமோசின் முடியையே உதிர்த்துவிடும். முடி குறைய அது வழியல்ல!

கத்திரியைக் கண்டால் முயல் பயப்படும் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. தூக்கினாலே ஏதோ மிருகம் கவ்விவிட்டதாக நினைத்துத் திமிறும் பிராணி இது. உதைக்கிற வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடப்பதும் தூக்கமல்ல, பயத்தில் வரும் விறைப்பு. காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. எனவே தரையில் துண்டு விரித்து, முன்னால் புல்லை வைத்து, பத்துப் பத்து நிமிடமாகப் பல நாளில் வெட்டுங்கள். சிக்கை இழுத்துப் பிடித்து வெட்டினால் காகிதம்போல் மெல்லிய தோலும் கூடாரமாக எழும்பி வந்து கத்திரியில் மாட்டும். தோலுக்கும் சிக்குக்கும் நடுவே சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே வெட்ட வேண்டும். ஒட்ட வழிக்காமல் ஒரு விரற்கடை விட்டால் போதும். மாதம் 2.5 சென்டிமீட்டர் அளவில் வளர்ந்துவிடும் என்பதால் இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு. தொட்டால் கடிக்கிறது என்று பெயரெடுத்த முயல்களில் பல, தோலை இழுக்கும் சிக்கின் வலி தாங்காமல் கடிப்பவை. சிக்கு போனதும் குணம் மாறும். தம்மென்று பின்னங்காலால் தரையை அறைந்தால் பயம், நறநறவென்று பல்லைக் கடித்தால் வலி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு சிக்கல். பின்பக்க முடி மூத்திரத்தில் நனைந்து ஊறினால் ஈ முட்டையிடும். ஒரே நாளில் புழு வைத்துவிடும். குளிப்பாட்டுவதும் தீர்வல்ல, நனைந்த சடை லேசில் காயாது. வாலைச் சுற்றி மட்டும் முடியை ஒட்டக் குறைத்து, தினம் ஒருமுறை வாலைத் தூக்கிப் பாருங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை மட்டும் மிச்சமிருக்கிறதே என்று தடவாதீர்கள். ஃபிப்ரோனில் கலந்த மருந்து முயலைக் கொன்றுவிடும். வாய்வழி அமாக்சிசிலினும் அப்படியே. மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தும் வேண்டாம்; புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடலூரிலிருந்து அதிக தூரமில்லை.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் குட்டைமுடி முயலாகப் பாருங்கள். சடை முயல் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதென்றால், மாசி முடிவதற்குள் முதல் வெட்டை முடித்துவிடுங்கள்.